ஹிக்கின்பாதம் குடும்பப்பெயர்: தோற்றமும் இன்றைய பரவலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை அண்ணா சாலையில் நிற்கும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் வழியாகத் தமிழ்நாட்டில் மூன்று நான்கு தலைமுறைகளுக்கு இந்தப் பெயர் பழக்கம். தென்னிந்திய ரயில் நிலையங்களில் அந்தக் கடையின் கிளையில் வார இதழ் வாங்காதவர்கள் குறைவு. ஆனால் அது இங்கிலாந்தின் வடமேற்கில், ஒரு சிறு பள்ளத்தாக்கில் பிறந்த அரிய குடும்பப்பெயர் என்பது பலருக்குத் தெரியாது. மதராஸ் வரலாற்றைத் தேடுபவர்களும், ஆங்கிலோ-இந்தியக் குடும்ப மரம் தயாரிப்பவர்களும், ஆங்கிலப் பெயர்களில் ஆர்வம் உள்ளவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

இந்தப் பெயர் எங்கே தோன்றியது?

ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் வந்தவை. தந்தையின் பெயர் (ஜான்சன்), தொழில் (ஸ்மித், டெய்லர்), பட்டப்பெயர் (ஷார்ட், பிரவுன்), ஊர் அல்லது நிலம். ஹிக்கின்பாதம் நான்காவது வகை. லங்காஷயர் கவுன்ட்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) போல்டன் நகரின் கிழக்குப் பக்கம் ஓக்கன்பாட்டம் என்றொரு இடம் இருக்கிறது. இன்று அது நகரத்துக்குள் கலந்துவிட்டது. ஓக்கன்பாட்டம் சாலை என்ற தெருப்பெயரில் மிஞ்சியிருக்கிறது. அந்த இடத்துப் பெயர்தான் குடும்பப்பெயராக மாறியது என்பதே பெயராய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம்.

பெயரின் முன்பாதி ஓக் மரத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். பின்பாதி, 'பொத்ம்' என்று ஒலித்த இன்னொரு பழைய சொல். இரு மேடுகளுக்கு நடுவே உள்ள தட்டையான பள்ளத்தாக்குத் தரையைக் குறிக்கும். லங்காஷயர், யார்க்‌ஷயர், செஷயர் எல்லையில் பென்னைன் மலையடிவாரம் முழுக்க இப்படிப்பட்ட இடங்கள்தான். அதனால்தான் இதே வால் கொண்ட பெயர்கள் அந்த வட்டாரத்தில் குவிந்து கிடக்கின்றன.

ஊர் போல்டனில். ஆனால் குடும்பங்கள் தென்கிழக்கே உள்ள ஸ்டாக்போர்ட் பக்கம் அதிகம். ஏன்?

ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்வது ஊரைவிட்டுப் போன பிறகுதான். ஓக்கன்பாட்டத்திலேயே குடியிருப்பவனை 'ஓக்கன்பாட்டத்துக்காரன்' என்று யாரும் கூப்பிடப்போவதில்லை. அங்கே எல்லோருமே அப்படித்தான். முப்பது கிலோமீட்டர் தென்கிழக்கே போய்க் குடியேறினால் அதுவே அடையாளம். பிறகு அது பிள்ளைகளுக்கும் தொடரும். இங்கிலாந்தின் தென்பகுதியில் பரம்பரைப் பெயர்கள் 13, 14-ம் நூற்றாண்டுகளில் நிலைத்துவிட்டன; வடக்கே இது இன்னும் தாமதமாக நடந்தது.

இடத்துப் பெயரால் வந்த எந்தக் குடும்பப்பெயரைத் தேடும்போதும் முதலில் பார்க்க வேண்டியது, பெயர் இன்று எங்கே அடர்ந்திருக்கிறது என்பதையே. அந்த அடர்த்தியின் நடுவில் மூல ஊர் இருக்கும் என்று நினைப்பது பலர் செய்யும் முதல் தவறு. மூல ஊர் பெரும்பாலும் அந்த அடர்த்தியின் ஓரத்தில், ஒரு நாள் நடைத் தூரத்தில் இருக்கும்.

ஹிக்கின்ஸ் குடும்பத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. ஹிக்கின்ஸ், ஹிக்கின்சன், ஹிக்ஸ் எல்லாம் ரிச்சர்ட் என்ற பெயரின் செல்லப்பெயரான 'ஹிக்' என்பதிலிருந்து வந்தவை. ஓக் மரத்துக்கான பழைய சொல் பேச்சில் தேய்ந்து பொருள் புரியாமல் போனபோது, மக்கள் ஏற்கெனவே தெரிந்த 'ஹிக்கின்' என்ற ஒலியோடு அதை இணைத்துவிட்டார்கள். வடக்கத்திப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் 'ஹ' ஒலி விழுவதும், இல்லாத இடத்தில் எழுத்தர் அதைச் சேர்ப்பதும் சகஜம். அதுவும் இந்த மாற்றத்துக்கு வழிவிட்டது.

19-ம் நூற்றாண்டுப் பெயர் நூல்களில், ஓக் மரத்தைக் குறிக்கும் ஒரு ஜெர்மன் சொல் சிதைந்து இப்படி ஆயிற்று என்ற விளக்கமும் இருக்கிறது. பல வலைத்தளங்கள் இன்றும் அதை அப்படியே நகலெடுத்துப் போடுகின்றன. லங்காஷயர் மண்ணிலேயே இடப்பெயர் இருக்கும்போது ஜெர்மனிவரை போக வேண்டிய அவசியம் இல்லை.

எத்தனை எழுத்துக்கூட்டல்கள்? எது சரியானது?

எல்லாமே சரி. 'ஒரே சரியான வடிவம்' என்ற எண்ணத்தை விட்டால்தான் தேடலே தொடங்கும்.

மாற்றம் மூன்று இடங்களில் நடக்கிறது. எச்-க்கு அடுத்த உயிரெழுத்து ஆங்கில ஐ ஆகவோ இ ஆகவோ இருக்கும். அடுத்து நடு மெய்: இரட்டை ஜி, ஒற்றை ஜி, அல்லது சி-கே. கடைசியாக வால்: பி-ஓ-டி-எச்-ஏ-எம் என்று முடியும் 'பாதம்', பி-ஓ-டி-டி-ஓ-எம் என்று முடியும் 'பாட்டம்'. இவை ஒன்றோடொன்று சேர்ந்தாலே பன்னிரண்டு வடிவங்கள். அவற்றில் நடுவே 'இன்' என்பது 'என்' ஆவதும், வால் 'பாட்டம்' ஆகியும் கடைசி உயிர் ஏ ஆக எழுதப்படுவதும் சேர்ந்தால் இரட்டிப்புக்கும் மேலாகும்.

வடிவத்துக்கு ஓரளவு வட்டாரமும் உண்டு. எச்-க்கு அடுத்து ஆங்கில இ வரும் ஹெகின்பாதம், ஹெகின்பாட்டம் இரண்டும் ஆஷ்டன்-அண்டர்-லைன், ஓல்டம் பக்கம் அதிகம். சி-கே வடிவம் மிட்லண்ட்ஸ் பகுதியில், லெஸ்டர், ஸ்டாஃபர்ட்ஷயர் வழியாகப் போகும். ஒற்றை ஜி வடிவம் அயர்லாந்துக் கிளையில் நிலைத்தது. இது சாய்வு மட்டுமே, விதி கிடையாது. ஒரே தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒரே பதிவேட்டில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பது சாதாரணம். எழுதப் படிக்கத் தெரியாத நெசவாளி வாயால் சொன்னதைப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவே. எழுத்துக்கூட்டல் நிலைபெற்றது 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில், பள்ளிக்கூடமும் அரசுப் பதிவும் பரவிய பின்புதான்.

'பாட்டம்' கேலிக்கு இடமானதால் 'பாதம்' ஆக்கினார்களா?

பாதி உண்மை. அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பிட்டம் என்ற பொருள் 18-ம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவியது. அதன் பிறகு சில வசதியான குடும்பங்கள் வேண்டுமென்றே 'பாதம்' வடிவத்தைப் பிடித்துக்கொண்டது உண்மை. ஆனால் அவர்கள் அதைப் புதிதாக உருவாக்கவில்லை. மூலச் சொல்லிலேயே 'த' ஒலி உண்டு. வடமேற்கு வட்டார வழக்கில் அது நூற்றாண்டுகளாக அப்படியே ஒலித்து வந்தது. ஆக 'பாதம்' என்று எழுதியவர்கள் எல்லாம் மேட்டுக்குடி, 'பாட்டம்' என்றால் ஏழை என்று முடிவு கட்ட முடியாது.

உச்சரிப்பு?

இங்கிலாந்தில் 'ஹிகின்பாத்தம்', 'ஹிகின்பாட்டம்' இரண்டும் கேட்கும். நடுவில் உள்ள ஒலி தமிழ் 'அகம்' என்பதில் வரும் ககரத்தைவிட அழுத்தமான ஜி. எழுத்தைப் பார்த்து எந்த வடிவம் எப்படி ஒலிக்கும் என்று ஊகிக்காமல் அந்தக் குடும்பத்தாரிடமே கேட்பது நல்லது.

இன்று இங்கிலாந்தில் எங்கே இருக்கிறார்கள்?

போல்டனிலிருந்து தென்கிழக்காக ஒரு கோடு இழுத்தால், மான்செஸ்டரைத் தாண்டி ஸ்டாக்போர்ட், மார்ப்பிள், ஹைட், ஆஷ்டன்-அண்டர்-லைன், ஸ்டேலிபிரிட்ஜ், கிளாசப் வரை வரும். இந்தச் சிறு நிலப்பரப்புதான் பெயரின் தாய்மண். 1881 ஏப்ரல் 3 அன்று எடுத்த மக்கள்தொகைக் கணக்கு முழுமையான பெயர் அட்டவணையோடு இலவசமாகக் கிடைப்பதால், ஆங்கிலப் பெயர்களின் வரைபடம் போடுபவர்கள் எல்லோரும் அதைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள். அதில் இந்தப் பெயரின் எல்லா வடிவங்களையும் சேர்த்துப் புள்ளி வைத்தால் மேற்சொன்ன பகுதி கறுத்துத் தெரியும். லண்டனில் சிதறல், தென்மேற்கில் கிட்டத்தட்ட வெறுமை.

தனித்தனி வடிவத்துக்கு வரைபடம் போட்டால் படம் சிதறிப்போகும். ஒரு வடிவத்துக்கு மட்டும் வரைந்து 'எங்கள் கிளை வேறு' என்று முடிவு செய்பவர்கள் நிறையப் பேர்.

நூறு ஆண்டுக்கும் மேல் கடந்தும் அந்த மையம் கரையவில்லை என்பது இந்த வகைப் பெயர்களின் சிறப்பு. பருத்தி ஆலை, தொப்பித் தொழில், நிலக்கரி என்று வேலை பக்கத்திலேயே கிடைத்ததால் குடும்பங்கள் தூரம் போகவில்லை. ஸ்டாக்போர்ட்டும் டென்டனும் தொப்பிக்குப் பேர்போன ஊர்கள். கணக்கெடுப்பின் தொழில் பத்தியில் 'தொப்பிக்காரர்' என்று வரும் பதிவு இந்தப் பெயரோடு சேர்ந்து வந்தால் வியப்பில்லை.

ஏன் இவ்வளவு அரிது?

ஸ்மித் என்ற பெயர் ஒவ்வொரு கொல்லன் பட்டறையிலும் தனித்தனியாகப் பிறந்தது. ஓக்கன்பாட்டம் ஒன்றே ஒன்று. ஒரே மூலத்திலிருந்து, ஒருவேளை ஒரே குடும்பத்திலிருந்து தொடங்கும் பெயர், முதல் சில தலைமுறைகளில் அழிந்துபோகும் வாய்ப்பே அதிகம். மகன் இல்லாத தலைமுறை ஒன்று வந்தால் அந்தக் கிளை முடிந்தது. 1874-ல் பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். 1348-49 கொள்ளைநோய் வேறு இடையில் வந்து போனது. அத்தனையையும் கடந்து ஒரு பெயர் இத்தனை கிளை விட்டிருப்பதே பெரிய விஷயம்.

அமெரிக்காவில் இந்தப் பெயர் அதிகமாக இருப்பது எப்படி?

இன்று இந்தப் பெயரைத் தாங்குபவர்கள் அமெரிக்காவில்தான் அதிகம், அதிலும் தெற்கு மாநிலங்களில். 18-ம் நூற்றாண்டிலேயே வர்ஜீனியாவின் ஆம்ஹர்ஸ்ட் கவுன்ட்டியில் ஒரு பெரிய குடும்பம் நிலைகொண்டிருந்தது. அங்கிருந்து ஜார்ஜியா, டென்னசி, டெக்சஸ் என்று நிலம் தேடி மேற்கே போனார்கள். முன்பே வந்து, பல பிள்ளைகள் பெற்று, காலி நிலத்தில் பரவிய ஒரு குடும்பம் தாய்நாட்டின் எண்ணிக்கையையே மிஞ்சிவிடும்; அரிய பெயர்களில் இது அடிக்கடி நடக்கிறது. அங்கே 'பாதம்' வடிவம் ஆதிக்கம் செலுத்துகிறது.

கறுப்பின அமெரிக்கர்களிலும் இந்தப் பெயர் கணிசமாக உண்டு. கூட்டாட்சி நீதிபதியாக இருந்த ஏ. லியோன் ஹிக்கின்பாதம், ஜார்ஜியாவில் பிறந்த ஜாஸ் டிராம்போன் கலைஞர் ஜே. சி. ஹிக்கின்பாதம் இருவரும் பொதுவாழ்வில் அறியப்பட்டவர்கள். அடிமை முறையின் கீழ் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் தோட்ட உரிமையாளரிடமிருந்து வந்திருக்கலாம், விடுதலைக்குப் பின் அவர்களே தேர்ந்ததாகவும் இருக்கலாம், இரத்த உறவும் இருக்கலாம். பெயரை வைத்து மட்டும் இதில் எதையும் சொல்லக் கூடாது. தேடுவோர் நினைவில் வைக்க வேண்டியது: 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் உரிமையாளர் பெயரே இருக்கும், அடிமைகளுக்கு வயதும் பாலினமும் நிறமும் மட்டும். அவர்கள் எல்லோரும் பெயரோடு வரும் முதல் கணக்கெடுப்பு 1870. அதற்கு முன் போக, உரிமையாளரின் உயிலும் சொத்துப் பட்டியலும்தான் வழி.

ஒற்றை ஜி வடிவத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் 1958-ல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அலைக்காட்டித் திரையில் டென்னிஸ் விளையாட்டு ஒன்றை அமைத்தார். வீடியோ கேம் வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று.

அயர்லாந்து, ஆஸ்திரேலியா?

இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்குப் போன ஒரு கிளையில் வந்தவர் ஜார்ஜ் ஹிகின்பாதம். 1826-ல் டப்ளினில் பிறந்து, மெல்போர்ன் போய், 1886 முதல் 1892-ல் இறக்கும்வரை விக்டோரியாவின் தலைமை நீதிபதியாக இருந்தார். 1890 கடல்சார் வேலைநிறுத்தத்தின்போது, நீதிபதிப் பதவியில் இருந்துகொண்டே தொழிலாளர் நிதிக்குப் பகிரங்கமாகப் பணம் கொடுத்தவர். அவர் பெயரில் ஒற்றை ஜிதான். தெற்கு ஆஸ்திரேலியாவில் காணப்படும் சி-கே வடிவம் வேறு பாதையில் வந்தது.

போத்தம், ராம்ஸ்பாதம் எல்லாம் சொந்தக்காரர்களா?

வால் ஒன்று, ஊர் வேறு, குடும்பம் வேறு. கிரிக்கெட் வீரர் இயன் போத்தமின் பெயர் பள்ளத்தாக்கைக் குறிக்கும் அந்தச் சொல் மட்டுமே. ராம்ஸ்பாட்டம், ராம்ஸ்பாதம் இரண்டும் பரி நகருக்கு வடக்கே உள்ள ராம்ஸ்பாட்டம் ஊரிலிருந்து. சைட்பாதம், ஷஃபிள்பாதம், ரோபாதம், விண்டர்பாட்டம், லாங்பாட்டம் என்று பட்டியல் நீளும்.

ராம்ஸ்பாதம் என்றால் ஈழத்து வாசகர்களுக்குச் சட்டென விளங்காது. சோல்பரி என்றால் விளங்கும். 1944-ல் அரசியலமைப்பு ஆணைக்குழுத் தலைவராக இலங்கைக்கு வந்து, 1949 முதல் 1954 வரை மகாதேசாதிபதியாக (கவர்னர் ஜெனரல்) இருந்த சோல்பரி பிரபுவின் இயற்பெயர் ஹெர்வால்ட் ராம்ஸ்பாதம். சோல்பரி பட்டத்தின் பெயர். ராம்ஸ்பாதம் குடும்பத்தின் பெயர். அவருடைய மூத்த மகன் ஜேம்ஸ் ராம்ஸ்பாதம் யாழ்ப்பாணம் யோகர் சுவாமிகளின் சீடராகிச் சந்தசுவாமி என்று அறியப்பட்டார். பிரபுக் குடும்பங்களைத் தேடும்போது இந்த இரட்டைப் பெயர் பலரைத் தடுமாற வைக்கும்: பட்டத்தின் பெயரில் தேடினால் ஞானஸ்நானப் பதிவு கிடைக்காது.

இந்தப் பெயருள்ள எல்லோரும் ஒரே மூதாதையரின் வழியா? டி.என்.ஏ. சோதனை சொல்லுமா?

ஓரளவு சொல்லும். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது ஒய் குரோமோசோம். ஆங்கில வழக்கில் குடும்பப்பெயரும் அதே பாதையில் போகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 பிரிட்டிஷ் பெயர்களைத் தாங்கிய 1,678 ஆண்களைச் சோதித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அதைத் தாங்குவோரின் ஒய் குரோமோசோம் ஒத்துப்போனது. ஸ்மித் போன்ற பெயர்களில் அப்படி எந்த ஒற்றுமையும் இல்லை.

சோதனை செய்ய விரும்பினால் ஆண் வாரிசுதான் மாதிரி தர வேண்டும். தமக்கையோ மகளோ தந்தால் ஒய் தகவல் வராது. 37 குறிப்பான்களாவது (டி.என்.ஏ.வில் ஒப்பிடும் இடங்கள்) உள்ள சோதனை வேண்டும். 12 குறிப்பான் சோதனையில், மேற்கு ஐரோப்பாவில் பரவலாக உள்ள ஒய் வகையைச் சேர்ந்தவர் என்றால், சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கானோர் 'பொருத்தம்' என்று வந்து நிற்பார்கள். அதைவிட முக்கியம், ஒரே கிளையில் இருவரைச் சோதிப்பது. தனி ஒருவரின் முடிவு பொருந்தவில்லை என்றால் எந்தத் தலைமுறையில் அறுந்தது என்று தெரியாது. பங்காளி முறையில் நான்கைந்து தலைமுறை தள்ளிய இன்னொருவரும் அதே முடிவைக் காட்டினால்தான், இருவருக்கும் பொதுவான மூதாதையர்வரை ஏடு சொல்வது சரி என்று கொள்ளலாம்.

பொருந்தாமல் போவதற்குக் கள்ள உறவு மட்டுமே காரணம் என்று யாரும் மனம் நோக வேண்டாம். திருமணமாகாத பெண்ணின் மகன் தாயின் பெயரைத் தாங்கியிருப்பான். விதவை மறுமணம் செய்தபோது பிள்ளைகள் மாற்றாந்தந்தையின் பெயருக்கு மாறியிருப்பார்கள். சொத்துக்காகத் தாய்மாமன் பெயரை ஏற்றிருப்பார்கள்.

ஒரு கிளையைப் பின்னோக்கித் தேடுவது எப்படி?

தெரிந்த ஆளிலிருந்து பின்னால் போக வேண்டும். ஓக்கன்பாட்டத்திலிருந்து கீழே வர முயன்றால் எவருடைய மரமாவதுதான் கிடைக்கும், உங்களுடையது கிடைக்காது.

முதலில் தேடல் கட்டளை. நட்சத்திரக் குறியை ஏற்கும் தளங்களில் எச், நட்சத்திரம், என்-பி-ஓ-டி, நட்சத்திரம் என்று கொடுங்கள். 'பாதம்', 'பாட்டம்', ஒற்றை ஜி, சி-கே அனைத்தும் ஒரே வலையில் விழும். பிறகு எச் இல்லாமல் ஒரு முறை. பழைய கையெழுத்தில் என் எழுத்தை எம் என்று படித்திருப்பார்கள், ஆகவே அதையும் மாற்றி ஒரு முறை. ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுக்கு ஒரே எண் தரும் ஒலிக்குறியீட்டைப் பயன்படுத்தும் தளங்களில் வேலை இன்னும் எளிது: இந்தப் பெயரின் எல்லா வடிவங்களும் எச்-251 என்ற ஒரே சவுண்டெக்ஸ் குறியீட்டில் அடங்கும், ஹிக்கின்ஸ் எச்-252 என்று விலகிவிடும். ஹைசன்பர்க் போன்ற ஜெர்மன் பெயர்களும் எச்-251-ல் கலந்து வரும்; கண்ணால் தள்ளிவிடலாம்.

இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்குகிறது. அதன் பெயர் அட்டவணையில் ஊர் இருக்காது, பதிவு மாவட்டமும் தொகுதி எண்ணும் இருக்கும். 1852-க்குப் பிறகு போல்டன் என்றால் தொகுதி 8-சி, ஆஷ்டன் 8-டி, ஸ்டாக்போர்ட் 8-ஏ, டார்பிஷயர் ஊர்கள் 7-பி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்டேலிபிரிட்ஜும் டக்கின்ஃபீல்டும் செஷயர் ஊர்கள், ஆனால் ஆஷ்டன் பதிவு மாவட்டத்தில் சேர்ந்தவை. ஹீட்டன் நாரிஸ் லங்காஷயர், ஆனால் ஸ்டாக்போர்ட்டில் பதியும். 'செஷயர்' என்று வடிகட்டித் தேடினால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். பொதுப் பதிவு அலுவலகத்தின் சொந்த அட்டவணையில் 1837 முதலே தாயின் பிறந்தவீட்டுப் பெயர் உண்டு; தன்னார்வலர்கள் படியெடுத்த பழைய அட்டவணையில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஒரே ஊரில் இரண்டு ஜான்கள் இருந்தால் தாயின் பெயர்தான் பிரித்துக் காட்டும்.

கணக்கெடுப்பில் 1841 மட்டும் தனி ரகம். பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகத் தெரிவார். பிறந்த ஊரும் இல்லை. 1851 முதல் பிறந்த ஊர் வரும். 1931-க்கான ஏடுகள் 1942-ல் தீயில் போயின, 1941-ல் கணக்கே எடுக்கவில்லை. அந்த இடைவெளிக்கு 1939 செப்டம்பர் 29 தேதியிட்ட பதிவேடு கைகொடுக்கும்.

1837-க்கு முன்னால் பாரிஷ் (கோயில் பங்கு) பதிவேடுதான். 1813 முதல் அச்சிட்ட படிவம், ஒரு பக்கத்துக்கு எட்டு ஞானஸ்நானங்கள்: குழந்தை பெயர், பெற்றோர் பெயர், குடும்பப்பெயர், குடியிருப்பு, தந்தையின் தொழில், சடங்கு செய்தவர் பெயர் என்று பத்தி பத்தியாக இருக்கும். குடியிருப்பும் தொழிலும் சேர்ந்தால் ஆளை உறுதியாகப் பிடிக்கலாம். 1813-க்கு முன் இந்த வசதி கிடையாது. 'ஜான், ஜேம்ஸ் மகன்' என்ற ஒரே வரிதான் பல இடங்களில். மார்ப்பிள் ஊரினர் ஸ்டாக்போர்ட் தாய்க்கோயிலிலும் ஞானஸ்நானம் வாங்கியிருப்பார்கள், ஆகவே இரண்டு ஏட்டையும் பார்க்க வேண்டும். லங்காஷயர் பாரிஷ்களுக்குத் தன்னார்வலர்கள் படியெடுத்த இலவசத் தளமே இருக்கிறது. 1538-லேயே ஏடு வைக்க ஆணை வந்தாலும், எல்லாக் கோயிலிலும் அவ்வளவு பழைய ஏடு தங்கவில்லை. 1642 முதல் 1660 வரை உள்நாட்டுப் போரும் அதையடுத்து மன்னர் இல்லாத ஆட்சியும் நடந்த காலம். அதில் ஓட்டை விழாத ஏடு அபூர்வம். ஓட்டை இருந்தால் பேராயருக்கு அனுப்பிய ஆண்டுப் படிகளைப் பாருங்கள்.

உயில்களை விடாதீர்கள். ஓர் உயில் பத்து ஞானஸ்நானப் பதிவுகளுக்குச் சமம். மகன், மருமகன், பேரன் என்று உறவு முறையோடு பெயர்கள் வரும். 1858-க்கு முன் தென் லங்காஷயரும் செஷயரும் செஸ்டர் பேராயர் நீதிமன்றத்தின் கீழ். செஷயர் எல்லையை ஒட்டி இருக்கும் கிளாசப் டார்பிஷயர் என்பதால் லிச்ஃபீல்டின் கீழ். அண்ணன் உயில் ஓர் ஆவணக் காப்பகத்திலும் தம்பி உயில் வேறொன்றிலும் கிடப்பது இதனால்தான்.

பொதுவாக எங்கே தவறுகிறார்கள்?

தேதியில். 1752-க்கு முன் ஆங்கில ஆண்டு மார்ச் 25-ல் தொடங்கியது. 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721. கவனிக்காவிட்டால் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிடும், அல்லது செத்தவர் ஞானஸ்நானத்துக்கு வந்துவிடுவார்.

அடுத்து, இறந்த குழந்தையை வளர்த்துப் பெரியவராக்குவது. ஜான் பிறந்தான் என்ற பதிவைக் கண்டதும் மரத்தில் சேர்த்துவிடுவார்கள்; அடுத்த ஆண்டே அடக்கப் பதிவு இருக்கும். ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் பத்து ஆண்டுகள்வரை அடக்க ஏட்டைப் புரட்டிய பிறகே ஆளை ஏற்க வேண்டும். இணையத்தில் பிறர் போட்டிருக்கும் மரங்களில் இந்தத் தவறு மண்டிக் கிடக்கிறது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொண்டே போகிறது.

கவுன்ட்டி மாற்றமும் குழப்பும். 1974-ல் போல்டன், ஸ்டாக்போர்ட், ஆஷ்டன் எல்லாம் கிரேட்டர் மான்செஸ்டர் ஆயின. பழைய ஏடு பழைய கவுன்ட்டிப் பெயரில்தான் இருக்கும்.

'ஹிக்கின்பாதம் குடும்பச் சின்னம்' என்று கேடயம் விற்கிறார்களே?

வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் சின்னம் குடும்பப்பெயருக்குக் கிடையாது. தனி மனிதருக்கும் அவருடைய நேர் ஆண் வாரிசுகளுக்கும் தரப்படுவது. ஒரே பெயர் இருப்பதால் உரிமை வராது.

சென்னைக் கடையின் ஹிக்கின்பாதம் யார்? அவரைப் பற்றிய பதிவுகள் எங்கே கிடைக்கும்?

ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம். வெஸ்லியன் (மெதடிஸ்ட்) மிஷனரிகளின் புத்தகக் கடையை 1844-ல் வாங்கித் தன் பெயரில் நடத்தினார். 1880-களின் இறுதியில் மதராஸ் ஷெரீஃப் பதவியும் வகித்தார். இப்போதுள்ள அண்ணா சாலைக் கட்டடம் 1904-ஐச் சேர்ந்தது. கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஒளிந்து வந்தவர், பிடிபட்டு மதராஸில் இறக்கப்பட்டவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. குடும்ப வரலாற்றில் இப்படிக் கதை கிடைத்தால் தூக்கியும் போட வேண்டாம், மரத்திலும் ஏற்ற வேண்டாம்; ஓரத்தில் குறித்துவைத்து ஆவணம் தேடுங்கள்.

மதராஸ் மாகாணத்தில் வாழ்ந்த ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் எவரைத் தேடினாலும் வழி ஒன்றுதான். இங்குள்ள கோயில்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளில் மதராஸுக்கான வரிசை என்-2. 1698 முதல் தொடங்குகிறது. என்-1 வங்காளம், என்-3 பம்பாய். ரயில்வே, ராணுவ வேலைக்காக இடம் மாறியவர்கள் மூன்றிலும் வருவார்கள். கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தின் மூல ஏடுகள் 1680-லிருந்து உண்டு. படியில் எழுத்துப் பிழை இருக்கக்கூடும் என்பதால், முடிந்தால் மூல ஏட்டோடு ஒப்பிடுவது நல்லது.

திருமணப் பதிவில் தந்தையின் பெயருக்கான பத்தியை முதலில் பாருங்கள். இங்கிலாந்தில் எந்தக் கிளை என்று கண்டுபிடிக்க அதுவே பாலம். வெஸ்லியன் சபையாரின் சடங்குகள் ஆங்கிலிக்கன் ஏட்டில் இல்லாமல் போகலாம், அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். ஆள் எந்த ஆண்டு மதராஸில் இருந்தார் என்பதை உறுதிப்படுத்த, அசைலம் அச்சகத்தின் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் வரும் குடியிருப்போர் பட்டியல் உதவும். பெயர், தொழில், ஊர் மூன்றும் அதில் இருக்கும். பெயர் முதன்முதலில் தோன்றும் ஆண்டைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் கப்பல் வருகைப் பட்டியல்களை அந்நாளைய மதராஸ் செய்தித்தாள்களில் பாருங்கள். அதிலும் எழுத்துக்கூட்டல் எப்படி வேண்டுமானாலும் இருக்கும்.